தேவாங்கு பிடித்த விரல்

"அப்பாயி, இது பிலிப்பைன்ஸ் காட்டுல இருக்காம். கண்ணைப் பாருங்களேன்!" என்று ஸ்ரீரங்கத்து வீட்டில் பேத்தி செல்போனை நீட்டினாள். கையளவு மிருகம், முகமெல்லாம் கண். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனாலும் அந்தக் கண் எனக்குப் புதிதில்லை.

துறையூரில் சிறுமியாக இருந்தபோது, கிணற்றடியில் பாம்பைப் பார்த்துப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தேன். அம்மா என்னைச் சந்தைக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒருவர் கூடையில் தேவாங்கு வைத்துக்கொண்டு, அதன் மயிரால் பயத்துக்குத் தாயத்துக் கட்டுவார்.

"அது தொட்டா பயம் ஓடிடும். கையை உள்ள விடு பாப்பா" என்றார் அவர்.

"மாட்டேன்மா, கடிச்சிடும்மா!"

"ஊரையே அதட்டுற வாய் இப்ப எங்கடி போச்சு?" என்று அம்மா என் கையைக் கூடைக்குள் திணித்தாள்.

உள்ளே மூத்திர வாடை. இருட்டில் இரண்டு கண்கள் பளபளத்தன. குழந்தைக் கை போன்ற ஈர விரல்கள் என் விரலைப் பற்றின. கையை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கையும் நடுங்குவது தெரிந்தது. அவர் அதன் முதுகிலிருந்து ஒரு கொத்து மயிரைப் பிடுங்கினார். அது கத்தவில்லை, என் விரலை இன்னும் இறுக்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும், "பயம் போச்சாடி?" என்றாள் அம்மா.

"போயிடுச்சும்மா" என்றேன். போகவில்லை என்றால் இன்னொரு கொத்துப் பிடுங்குவார்களே.

"பயமா இருக்கா அப்பாயி?" என்றாள் பேத்தி.

"எனக்கென்னடி பயம்?" என்றேன். விரலை மட்டும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.