மாமா வாங்கிய குட்டைக் கழுத்துக் கிட்டார்

என் அக்கா புருஷனைப் போல ஒரு நிதானப் பேர்வழியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் நாலு பேர் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தாலும், "இருங்க, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். நான் நேர் எதிர். பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், சனிக்கிழமை மாலையில் ஒரு ஹோட்டல் மேடையில் டிரம்ஸ் அடிக்கிறேன். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை என்னிடம் அறவே கிடையாது. அதே மேடையில் மாமா பேஸ் கிட்டார். பத்தொன்பது வருஷமாக நான் தலைதெறிக்க ஓடும்போதெல்லாம், அந்தக் கனத்த சத்தம்தான் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நான் உருப்படியாக வாசிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அது மாமா போட்ட பிச்சை.

போன வருஷம் லிஃப்டின் கப்பியில் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் மாட்டி நசுங்கிவிட்டது. விரலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் விரல் மடங்கியதே தவிர, அதில் தெம்பு வரவில்லை. அவருடைய பழைய கிட்டாரோ ஒரு முரட்டு ஜென்மம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால்தான் வாயைத் திறக்கும். மூன்று விரலால் சமாளித்துப் பார்த்தார். கை போய்ச் சேர்வதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். கீபோர்டு வாசிப்பவர், தங்கமான மனுஷன். அவரே ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற ஆள் பாக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன்.

மாமா யாரிடமும் புலம்பவில்லை. கிட்டாரைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சனிக்கிழமை மாலைகளில் துணி மடிக்க ஆரம்பித்தார். கேட்டால், "வீட்டு வேலை செய்யறது தப்பாடா மச்சான்?" என்பார். இடது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார்.

அக்காதான் பொறுக்க முடியாமல் வெடித்தாள். விபத்துக்காகக் கம்பெனி கொடுத்த பணத்தைச் சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்தாள். "விரலுக்கு வந்த காசு விரலுக்கே போகட்டும்டா. இவரைக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போ. இருக்கறதுலயே நல்லதா வாங்கு. இவர் மடிக்கிற லட்சணத்துக்கு நான் எல்லாத்தையும் திரும்ப மடிக்க வேண்டியிருக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்குத் தம்பியாகப் பிறந்ததற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கடையில் மாமா என் உயிரை வாங்கினார். ஒவ்வொரு கிட்டாரையும் திருப்பிப் போட்டுத் திருகாணியைத் தடவினார், மரத்தை மோந்து பார்த்தார், கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "மாமா, இது கிட்டார், லிஃப்ட் இல்ல. வாசிச்சுப் பாருங்க!" என்று கத்தினேன். ஒன்பதாவதாக எடுத்ததில் கை நின்றது. கையால் செய்தது, குட்டைக் கழுத்து, தோளில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. மூன்று விரல் எட்டவேண்டிய இடத்தை எல்லாம் எட்டியது. மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது!

சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. ஒத்திகையில் அவர் வாசித்ததெல்லாம் சுருதி ஏறி ஏறி ஒலித்தது. நிறுத்தினோம், சுருதி சேர்த்தோம். விரல் வைக்காமல் வெறும் தந்தியை மீட்டினால் சுத்தமாக இருந்தது. பாட்டைத் தொடங்கியதும் பழையபடி பிசகியது. ஒரே மாலையில் ஆறு முறை. கடைசியில் மருந்துக்கடைக்காரர் மாமாவிடமே சொல்லிவிட்டார்: "சார், சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இன்னொருத்தரை வரச் சொல்லிடுவேன். எனக்கு வேற வழி தெரியல." மாமா தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "அவ காசு வீணாப் போச்சேடா" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாளே மாமாவையும் கிட்டாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று போனேன். பின்னறையில் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். நான் குதித்த குதியை எல்லாம் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டீங்களா? இப்ப அவர் வாசிக்கட்டும்" என்றாள்.

சுருதி காட்டும் ட்யூனரைக் கழுத்தின் நுனியில் மாட்டினாள். மாமா ஆள்காட்டி விரலை வைத்து மீட்டினார். முள் வலது பக்கம் எகிறியது. நடுவிரல், மோதிர விரல், அதே கதை.

"சுண்டுவிரல்?"

மாமா கையை இழுத்துக்கொண்டார். "அது அடிபட்ட விரல்மா. அதுக்குத் தெம்பு கிடையாது. ஒண்ணுக்கும் ஆகாது."

"பரவால்ல. சும்மா வைங்க."

அடிபட்ட பிறகு எங்கள் யார் முன்னாலும் அந்த விரலை அவர் தந்தியில் வைத்ததில்லை. தயங்கித் தயங்கி வைத்தார், மீட்டினார். முள் நட்ட நடுவில் நின்றது. மறுபடி மீட்டினார், இன்னொரு இடத்தில் வைத்தார். அசையவே இல்லை.

"கிட்டார்ல ஒரு குறையும் இல்ல. தந்தி மெல்லிசு, தொட்டாப் போதும். நீங்க அழுத்தற அழுத்துல தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுது. மத்த மூணு விரலும் இன்னும் பழைய கிட்டாரைத்தான் வாசிக்குது. இதை வாசிக்கத் தெரிஞ்சது இந்த ஒரு விரல்தான்."

மாமா அந்தக் கோணல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மணி நேரம், அது எப்படி வைக்கிறதோ அப்படியே மற்ற மூன்றையும் வைத்துப் பழகினார். நாலு விரலும் சேர்ந்து ஓட ஆரம்பித்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சண்டை போட வந்த நான் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயோ, என்னங்க இது" என்று அவள் பதறிப்போனாள்.

அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போனோம். இருமல் மருந்துக்கு நின்றிருந்த இரண்டு பேரையும் தாண்டி, அந்த நிதானப் பேர்வழி கல்லா வரைக்கும் ஓடினார். சுண்டுவிரலை உயர்த்திக் காட்டி, "சார், ஆள் கிடைச்சாச்சு!" என்றார்.