சாவியைப் பிடுங்கியவர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டித் திரும்பும்போது என் கார் ஒருவருடைய மொபெட்டைப் பின்னால் இடித்துவிட்டது. வண்டி சாய்ந்து, மூட்டை பிரிந்து, வேர்க்கடலை சாலையெல்லாம் சிதறியது. கூட்டம் கூடிவிட்டது. கதவைத் திறக்கவே பயந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

விழுந்தவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, தலையில் துண்டு. ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்து, "சாவி எங்கிட்ட இருக்குது, இந்தம்மா எங்கயும் ஓடிடாது. கெளம்புங்கப்பா" என்றார். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

பேசும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் ஒவ்வொரு கடலையாக உடைத்துக்கொண்டே இருந்தது. எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"இந்தா, இந்த மல்லாட்டய உரிம்மா. பருப்பு கீழ விழக்கூடாது. அப்பதான் சாவி."

விரல்கள் நடுங்கின. முதல் கடலை நழுவியது, அடுத்ததும் நழுவியது.

"வேணும்னு பண்ணலீங்க" என்று அழுதேன்.

"தெரியும். இன்னொண்ண உரி."

ஐந்தாவதில்தான் பருப்பு உள்ளங்கையில் நின்றது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

"இப்ப ஓட்டலாம். மெதுவா போ."

மூட்டையைத் தூக்க அவர் திரும்பியபோதுதான் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அடிபட்டுச்சா என்று அதுவரை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.