ஆறாவது டப்பா

பேத்தி போனில் வாசித்துக் காட்டிய பதினேழு விஷயங்களில் பதினாறு எனக்குத் தேவையில்லாதவை. நாவலிலிருந்து எடுத்த பழைய ஆங்கிலப் படம் ஒன்று. அதை எடுத்தபோது நடந்தவற்றின் பட்டியல். கதாநாயகிக்கு எத்தனை கவுன், கப்பலுக்கு எத்தனை பாய். அவள் வாசிக்கும் வேகத்தில் எதுவும் மனதில் நிற்கவில்லை. பதினான்காவதாக வந்தது: கடலில் மூழ்கும் குழந்தை ஒரு மெழுகுப் பொம்மை; அந்தக் கடல் ஸ்டூடியோவில் கட்டிய தொட்டி. “இதை நான் எட்டு வயசுலயே கேட்டிருக்கேன்” என்றேன். அவள் நம்பவில்லை.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் கிளப்பில் எப்போதாவது ஒரு படப்பெட்டி வரும். சனிக்கிழமை துரைமார் பார்ப்பார்கள். ஞாயிறு பிற்பகல் அதே படம் எங்களுக்கு. மெஷினை ஓட்டியது என் மாமா, அம்மாவின் தம்பி. ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் நிறுத்தி அடுத்ததை மாட்டுவார். மாட்டிக்கொண்டே, வரப்போகும் கதையைத் தமிழில் உரக்கச் சொல்வார். ஆங்கிலம் அவருக்கும் தெரியாது. முதல் நாள் பார்த்ததை வைத்துச் சொல்வார். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வருடம் ஆனி மழையில் மாமாவின் மூன்று வயது மகளை ஆறு கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அத்தை கொழுந்து பறிக்கப் போவாள், லயத்து வீட்டுக்குத் திரும்புவாள், வேறெங்கும் போகமாட்டாள். நான்கு மாதம் கழித்து மாமா கெஞ்சிக் கெஞ்சி, படத்துக்கு வருகிறேன் என்று அவளைச் சொல்ல வைத்தார். அவள் சொன்னது வெள்ளிக்கிழமை. மாமா அந்தப் படத்தைப் பார்த்தது சனிக்கிழமை.

கிளப்பின் பதினொரு ஜன்னல்களிலும் மழைக்குப் போர்த்தும் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இடுக்குகளில் மலை மூடுபனி நுழைந்து, மெஷினின் வெளிச்சத்தில் பால்போல அலைந்தது. திரையில் கப்பல் போகிறதா, நாங்கள்தான் பெஞ்சுகளோடு நகர்கிறோமா என்று தெரியவில்லை. நான் ரீல் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஒன்பது, எண் எழுதியவை. ஐந்து முடிந்ததும் மாமா ஏழை எடுத்தார்.

“மாமா, ஆறாவது டப்பாவ விட்டுட்டீங்க.”

“அது தேஞ்ச ரீலு மருமவனே. ஓட்டுனா அறுந்துரும்.”

“நேத்து தொரைங்களுக்கு ஓட்டுனப்ப அறுந்துச்சா?”

மெஷின் நின்றிருந்ததால் இது மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையிலிருந்து கங்காணி ஒருவர் எழுந்தார். “ஏன்யா, தொரைக்கு ஒம்பது, நமக்கு எட்டா?” அவ்வளவுதான். அறுபது எழுபது பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். மாமா என்னைப் பார்த்தார். பிறகு இரண்டாவது வரிசையில் அம்மாவோடு இருந்த அத்தையைப் பார்த்தார். கதை எதுவும் சொல்லாமல் ஆறாவது ரீலை மாட்டினார்.

கப்பல் கவிழ்ந்தது. ஒரு சிறு கை அலைக்கு மேலே தெரிந்து, மறைந்து, மீண்டும் தெரிந்தது. மூன்றாவது முறை தெரியவில்லை. பெஞ்சைத் தட்டியவர்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் அத்தை நேரே மெஷினிடம் வந்தாள்.

“ஏங்க, அந்தப் பிள்ள என்னாச்சு?”

“அது பிள்ள இல்ல, மெழுகுப் பொம்ம. கடலுமில்ல, தொட்டி. நெசப் பிள்ள தொட்டியோரத்துல கம்பளி போத்திக்கிட்டுச் சூடா பால் குடிச்சிட்டு இருந்துச்சாம். பெட்டியோட வந்த நோட்டீசுல போட்டிருக்கு.”

அத்தை தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அதையே கேட்டாள். மாமாவும் சொன்னார். ஒரு நாள் பால், மறுநாள் கோக்கோ. கம்பளி ஒன்று, பிறகு இரண்டு. “நேத்து ஒண்ணுன்னீங்களே” என்று நான் திருத்துவேன். “சும்மா இருலே” என்பாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டி திரும்பிப் போவதற்குள் அந்த நோட்டீசை எடுத்து வாத்தியாரிடம் காட்டினேன். ஏழு வரி. பெட்டியை ஈரத்தில் வைக்காதே, ரீல்களை வரிசை மாற்றாதே என்றெல்லாம் இருந்தது. பொம்மையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாமா குத்துமதிப்பாகச் சொன்னது உண்மை என்று தெரிய எனக்கு அறுபத்து மூன்று வருடமாயிற்று.

தாளைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். “மாமா பூராவும் பொய் சொல்லுதாரு.”

அத்தை அதை நாலாக மடித்து அடுப்பில் வைத்தாள். “எனக்குத் தெரியும்லே. மாமாகிட்ட சொல்லிராத.”

அன்று சாயங்காலம் மாமா கஞ்சியைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, அந்தப் பிள்ளைக்கு எத்தன கம்பளி போத்துனாங்க?”

மாமா நிமிர்ந்தார். “மூணு” என்றார். ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லத் தட்டில் கஞ்சி குறைந்தது.

பொய் என்று தெரிந்த பிறகும் கேட்கிறாளே, அத்தைக்குக் கொஞ்சம் மந்த புத்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.