தைக்காமல் விட்ட பக்கம்

இது நடந்தது. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதும் வழக்கம் எனக்கில்லை. சென்ற ஆடி மாதம், பெரிய காஞ்சிபுரத்தில் என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

என் மகள் ஜீவிதாவுக்கு அப்பொழுது ஒன்பதாம் மாதம். பிறக்கவிருந்த குழந்தைக்கு என் கையாலேயே ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க விரும்பினேன். பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெறும்வரை ஊசியைத் தொட்டவளல்லேன் நான். கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றேன். பிள்ளை பிறக்குமுன் புதுத்துணி வாங்கலாகாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே, பழந்துணி வியாபாரி கலியனிடம் மெத்தென்ற பழம்புடவைகளை வாங்கி வெட்டினேன். நடுத்துண்டு பச்சை. இரண்டு அடுக்குகளையும் மூன்று பக்கம் சேர்த்துத் தைத்து, பஞ்சு வைப்பதற்காக நான்காம் பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தேன்.

“எறும்பு குடிச்சிட்டு நடந்த மாதிரி இருக்குதுமா உன் தையல்,” என்று ஜீவிதா சிரித்தாள்.

மறுநாள் நண்பகல். நெசவாளர்கள் உண்ணும் வேளை. தெருவில் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கூடத்தில் சற்றே கண்ணயர்ந்தேன்.

சர்... சர்...

துணியினூடே நூலை இழுக்கும் ஓசை. விழித்ததும் நின்றுவிட்டது. மேசைமேல் இருந்த போர்வையைப் பார்த்தேன். என் கோணல் தையல்கள் பிரிக்கப்பட்டிருந்தன. அவ்விடத்தில் கடுகளவுத் தையல்கள்... நூல் பிடித்தாற்போல் நேராக.

“நீயா தைச்ச?”

“எனக்கு ஊசியில நூலே கோக்கத் தெரியாது. போமா.”

அடுத்த நாள். தறிகள் ஓய்ந்தன. மணி 1.20.

சர்...

இம்முறை உள்ளறையிலிருந்து. அங்கே ஜீவிதா உறங்கிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன்.

போர்வை அவள் வயிற்றின்மேல் கிடந்தது. இழுத்தேன். வரவில்லை.

அவளுடைய நைட்டியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. வயிற்றைச் சுற்றி... மூன்று பக்கமும்.

நான்காம் பக்கத்தில் ஊசி. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா... கொழந்தை அசையலமா.”

கத்தரிக்கோலால் நைட்டியையே வெட்டினேன். கடைசி நூல் அறுந்தது. என் உள்ளங்கையின்கீழ் ஓர் உதை.

அன்று மாலையே கலியனை வரவழைத்தேன். பச்சைத் துணியைக் கண்டதும் அவர் பின்வாங்கினார்.

“இது என் சரக்கு இல்ல டீச்சர். ஐயம்பேட்டை ரோட்ல சுமைதாங்கிக் கல்லு மேல மூட்டைய எறக்கி வெச்சேன். வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொண்ணுக்காக நட்ட கல்லு அது. அவ புடவைய அதும்மேல போத்தியிருந்தாங்க. தூக்கறப்போ மூட்டையோட சேர்ந்து வந்துட்ச்சி போல.”

உடனே ஆட்டோவில் சென்று, போர்வையை அந்தக் கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள்களில் பேத்தி பிறந்தாள். நலமாயிருக்கிறாள்.

பதினாறாம் நாள் கலியன் வாசலில் வந்து நின்றார்.

“போர்வைய முடிச்சிட்டேதான் வெச்சிருக்கீங்க டீச்சர். காத்துல கீழ விழுந்து கெடந்துச்சி, எடுத்து மேல வெச்சேன். நாலு பக்கமும் நல்லா அடைச்சித் தைச்சிருக்குது. பஞ்சுதான் ஜாஸ்தி. பச்சப்புள்ளையாட்டம் கனக்குது.”

நான் அதில் பஞ்சே வைக்கவில்லை.