முத்துராணி ஆட்டோவில் ஏறிய மலேசியாக்காரர்

அம்பாசமுத்திரம் ரயில் நிலையத்து ஆட்டோ ஸ்டாண்டில் பெண் என்று பார்த்தால் முத்துராணி ஒருத்திதான். ஸ்டாண்டுக்குத் தலைவர் பெருமாள்ராஜ். சங்கக் கூட்டத்தில் “அன்பான அண்ணன் தம்பிமாரே” என்று ஆரம்பிப்பார். அவள் முகத்தைப் பார்த்ததும், “அப்புறம் நம்ம முத்துராணியும்” என்று சேர்த்துக்கொள்வார். பத்து வருஷமாக இதுதான் வழக்கம். அவளும் மாற்றச் சொன்னதில்லை.

முத்துராணிக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வராமல் இல்லை. முதலில் வந்தவர்கள் ஆட்டோவை விற்றுவிட வேண்டும் என்றார்கள். அடுத்து வந்தவர்கள் ஆட்டோவை மாப்பிள்ளை பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவது இடம் அமைவதற்குள் தரகரே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் அவளும் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா தளவாயுமாக, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு தை மாதக் காலையில் செங்கோட்டை வண்டியிலிருந்து சக்கரம் வைத்த பெட்டியோடு ஒருவர் இறங்கினார். நேராக அவளிடம் வந்து, “அக்கா, காடி போகுமா?” என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தில் காடி என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி. முத்துராணி தன் ஆட்டோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“இது ஆட்டோ. எங்க போணும்?”

“அதுதான்கா தெரியல.”

அவர் பெயர் லிங்கேஸ்வரன். மலேசியாவில் சுங்கைப்பட்டாணி. ஏசி மெக்கானிக். ரப்பர்த் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிய தாத்தா இந்தப் பக்கத்து ஆள். தங்கள் குலசாமி ஒரு சாஸ்தா என்றும், கோயில் ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் இருக்கிறது என்றும் மட்டும் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிவிட்டார். பட்டறையில் தன் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பேரன் இப்போது சாஸ்தாவைத் தேடிப் புறப்பட்டு வந்திருந்தார். பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரைக்கும் ஆற்றங்கரையெல்லாம் சாஸ்தா கோயில்தான், சாஸ்தா கோயிலெல்லாம் மருத மரந்தான் என்பதைத் தாத்தா சொல்லாமல் விட்டுவிட்டார்.

“ஏறுங்க, பாப்போம்” என்றாள் முத்துராணி.

பார்த்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று கோயில். ஒவ்வொன்றிலும் பூசாரியைத் தேடிப்பிடித்து, தாத்தா பேரைச் சொல்லி, அப்படி யாரும் இல்லையென்று தெரிந்துகொண்டு, அங்கே ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்புவார்கள். லிங்கேஸ்வரன் திருஞானசம்பந்தம் சார் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். காலையில் ஸ்டாண்டுக்கு வந்து எல்லாரையும் பார்த்து, “பசியாறியாச்சா?” என்பார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும், ஸ்டாண்டே ஒருவரையொருவர் மத்தியானம் வரைக்கும் அப்படிக் கேட்டுச் சிரித்தது.

சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வேலை பார்க்கக் கூடாது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் தெருவிலுள்ள பிரிட்ஜ், ஏசி எல்லாவற்றையும் சும்மாவே பழுதுபார்த்துக் கொடுத்தார். பதிலுக்கு முறுக்கும் அதிரசமும் வந்து குவிந்தன. பங்குனி உத்திரம் வருவதற்குள் சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டார்.

எந்த நாளில் அவர் ‘அக்கா’வை விட்டுவிட்டு ‘ராணி’ என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று முத்துராணியைக் கேட்டால், கவனிக்கவில்லை என்பாள். பெருமாள்ராஜ் கவனித்திருந்தார். மாசி மகத்துக்கு மறுநாள் என்பார்.

சித்திரையில் ஒருநாள், தளவாய் வீட்டுப் பிரிட்ஜைச் சரிசெய்துவிட்டு லிங்கேஸ்வரன் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார். தேடித்தேடிக் களைத்துவிட்டதாகச் சொன்னார். தளவாய் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

“இதுக்கு என்னத்துக்குவே ஊரு ஊரா அலையணும்? தன் சாஸ்தா எதுன்னு தெரியாதவங்க காரையாறு போயி சொரிமுத்தய்யன கும்பிட்டுக்கிட வேண்டியதுதான. சின்னப்பிள்ளைக்குக்கூட தெரியும். இவ சொல்லலையா?”

லிங்கேஸ்வரன் முத்துராணியைப் பார்த்தார். முத்துராணி ரசம் கொண்டுவர எழுந்து போனாள். ரசம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

மறுவாரம் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தார்கள். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் லிங்கேஸ்வரன் கிளம்பவில்லை. முதலில் வெயில் தணியட்டும் என்றார். அப்புறம் குற்றாலத்தில் சீசன் ஆரம்பிக்கட்டும் என்றார். விசாவில் ஒரு வருஷம் என்று போட்டிருக்கிறது, அவசரமே இல்லை என்றார்.

ஆனி மாதம், வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் விவரத்தைத் தரும்படி காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். திருஞானசம்பந்தம் சார் ஓய்வுபெற்ற வாத்தியார். பல்பொடி டப்பாவைக்கூட ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். விசாத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியை மறுபடி வாசித்தார்.

“தம்பி, வருஷம்னு போட்டிருக்கது சரிதான். அந்த ஒரு வருஷத்துக்குள்ள நீங்க வரலாம், போகலாம். ஆனா ஒரே தடவையில மூணு மாசத்துக்கு மேல தங்கக் கூடாதுன்னு கீழ போட்டிருக்கே, பாக்கலையா?”

லிங்கேஸ்வரன் விரலை மடக்கி எண்ணினார். சித்திரை தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கே முத்துராணி அவரை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு விரட்டினாள். அங்கே வக்கீல் விஜயஸ்ரீ அவளுக்குத் தெரிந்தவர். வக்கீல் தாளைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அபராதத்தைக் கட்டி, வெளியேற அனுமதி வாங்கி, ஊருக்குப் போய்விடுவது ஒரு வழி. ஆனால் கெடுவை மீறித் தங்கியவருக்கு மறுபடி விசா எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்றே சொல்ல முடியாது.

“இன்னொரு வழி இருக்கா மேடம்?” என்று கேட்டார் லிங்கேஸ்வரன்.

“இந்த நாட்டுப் பொண்ணு யாரையாவது முறைப்படி கல்யாணம் பண்ணியிருந்தா, அபராதம் கட்டிட்டு, இங்க இருந்துக்கிட்டே துணைவருக்கான விசாவுக்கு மாத்தக் கேக்கலாம்” என்றார் வக்கீல். சொல்லிவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். முத்துராணி சுவரில் இருந்த காலண்டரில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் வீரவநல்லூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். லிங்கேஸ்வரன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

“ராணி, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

இந்தக் கேள்விக்காக அவள் நாலு மாதமாகக் காத்திருந்தாள் என்பது உண்மை. சொரிமுத்தையனார் கோயிலில் கேட்டிருந்தால் சரியென்றிருப்பாள். கல்லிடைக்குறிச்சி ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் சும்மா நின்றபோது கேட்டிருந்தாலும் சரியென்றிருப்பாள். மனுஷன் வக்கீல் ஆபீஸ் படியிறங்கி வந்து கேட்கிறார்.

“இப்ப எதுக்குக் கேக்கீங்க? விசாவுக்கா, எனக்கா?”

லிங்கேஸ்வரனுக்குப் பொய் சொல்ல வராது. யோசித்துப் பார்த்து, “ரெண்டுக்கும்தான்லா” என்றார்.

முத்துராணி டம்ளரை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பின்சீட்டில் இருந்தவர் பாலத்தில் ஒருமுறை, “ஆத்துல தண்ணி நிறையப் போகுது” என்றார். அவள் ஹாரனை அடித்து முன்னால் போன லாரியை முந்தினாள்.

அவர் கேட்டதையும், அவரை ஊருக்கு அனுப்பிவிடப் போவதையும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள். தளவாய் தட்டைத் தள்ளிவைத்தார்.

“ஏட்டி, கிடைச்ச ஆள கெட்டிக்கிட்டு கிட. இனிமே உனக்கு எவன் வருவான்?”

“யாரும் வராண்டாம். நாளைக்கு விசா கையில வந்த பிறகு, இவரு எனக்காக இருக்காரா அந்தச் சீட்டுக்காக இருக்காரான்னு தினமும் மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு நான் வண்டி ஓட்டணுமா?”

“போயிட்டு வராம இருந்துட்டான்னா?”

“வராட்டா, அதையும் தெரிஞ்சிக்கிடுவேன்.”

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

லிங்கேஸ்வரனிடம் மறுநாள் காலையில் சொன்னாள்: “அபராதத்தக் கட்டிட்டு ஊருக்குப் போங்க. முறையா வர முடிஞ்சா வாங்க. வந்து கேளுங்க.” அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிலா” என்றார்.

எஸ்.பி. ஆபீசுக்கு அவளே கூட்டிக்கொண்டு அலைந்தாள். அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதி கைக்கு வந்ததும், ஆடி மாதக் காற்றில் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பும்போது அவர் ஜன்னல் வழியாக, “நேரத்துக்குச் சாப்பிடு” என்றார். அவள், “பெட்டிய காலுக்கடியில வைங்க” என்றாள். இரண்டு பேருக்கும் இதைவிட நல்லதாக எதுவும் தோன்றவில்லை.

ஸ்டாண்டில் அனுதாபம் தாங்க முடியவில்லை. “கிளி பறந்துட்டு” என்றார் பெருமாள்ராஜ். கிளி தினமும் விடியற்காலையில் போன் செய்தது. மலேசியாவில் அப்போது வெயில் ஏறியிருக்கும். இங்கே முத்துராணி வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். சுங்கைப்பட்டாணியில் மழை, தம்பி பட்டறையில் சம்பளத்துக்கு வேலை, அம்மாவுக்கு முட்டுவலி என்று கேட்டுக் கேட்டு, பார்க்காத அந்த ஊரில் எந்தக் கடையில் நல்ல ரொட்டி கிடைக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசியில் விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிற்று. முத்துராணி போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தாள். வீம்பு பண்ணிவிட்டோமோ என்று முதல்தடவையாக நினைத்தாள். ‘ரெண்டுக்கும்’ என்று உள்ளதைத்தானே சொன்னார். ‘உனக்காக மட்டும்’ என்று அளந்திருந்தால் நாம் நம்பியிருப்போம். அந்தப் பொய்யைச் சொல்லத் தெரியாத ஆளைத்தானே அனுப்பிவைத்தோம்.

அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். நாகர்கோவிலைத் தாண்டாதவள் மலேசியா போகிறாள் என்றதும் பெருமாள்ராஜ் ஸ்டாண்டில் நின்று ஒரு பேச்சே பேசினார். இந்தத் தடவை “அன்பான முத்துராணியும், அப்புறம் அண்ணன் தம்பிமாரே” என்று ஆரம்பித்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாசியில் போனாள். இந்தியர்கள் அங்கே விசா இல்லாமல் ஒரு மாதம் தங்கலாம். விமான நிலையத்திலேயே அதிகாரியிடம் என்றைக்குள் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள். நம்பாமல் அடுத்த ஆளிடமும் கேட்டாள். வெளியே லிங்கேஸ்வரன் சொந்தக் காரோடு நின்றார். “இதுதான் காடி” என்று கதவைத் திறந்துவிட்டார்.

அவர் அம்மாவுக்கு முத்துராணியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கூட்டு வைத்தாலும் நல்லாயிருக்கிறது, குழம்பு வைத்தாலும் நல்லாயிருக்கிறது என்றார். “இன்னும் ரெண்டு மாசம் இரும்மா. யாரு வந்து பாக்கப் போறா?” என்று கேட்டார்.

“இப்படித்தான அத்தை உங்க மகனும் இருந்தாரு?” என்றாள் முத்துராணி. அத்தை என்று வாயில் வந்துவிட்டதை அவளே அப்புறந்தான் கவனித்தாள்.

ஒருநாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் அவரை உட்காரவைத்துச் சொன்னாள்: “இங்கன உங்களுக்கு விசா வேண்டாம். இப்ப கேளுங்க.”

லிங்கேஸ்வரன் கேட்டார். வீரவநல்லூரில் கேட்டதைவிட மோசமாக, வார்த்தை தடுக்கித் தடுக்கிக் கேட்டார். அவள் சரியென்றாள். உடனே அவர், “அப்ப நீ இங்கயே இருந்துடுறியா?” என்றார்.

“அது முடியாது. அப்பா இருக்காரு. வண்டி இருக்கு.”

“அப்ப நான்தான் வரணும்.”

“பைய வாங்க. நான் எங்கயும் போயிர மாட்டேன்.”

கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பே அவள் ஊர் திரும்பிவிட்டாள். வக்கீல் விஜயஸ்ரீ எழுதிக் கொடுத்தபடி, கெடு தாண்டியது எப்படி, அபராதம் கட்டி ஒழுங்காக வெளியேறியது எப்படி என்றெல்லாம் விளக்கி லிங்கேஸ்வரன் திரும்பவும் விண்ணப்பித்தார். இந்தத் தடவை கிடைத்தது. ஆனியில் வந்தார். ஆவணியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிப் பதிவு செய்தார்கள். மூன்று மாதக் கெடு முடிய நிறைய நாள் இருக்கும்போதே துணைவர் விசாவுக்கு மாற்றச்சொல்லி எழுதிப்போட்டார்கள். திருஞானசம்பந்தம் சார் அந்த விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்துத் திருத்திக் கொடுத்தார்.

கல்யாணம் உண்மைதானா என்று விசாரிக்க ஏட்டையா வீட்டுக்கு வந்தபோது லிங்கேஸ்வரன் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தளவாய்தான் பதில் சொன்னார்.

“நெசமாவே உங்க மருமகன்தானா?”

“ஐயா, காலையில இருந்து என்கிட்ட மூணு ஏச்சு வாங்கிட்டான். இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கான். மருமகன் இல்லன்னா எவன் இருப்பான்?”

ஏட்டையா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். தெருவில் நாலு பேரிடம் கேட்டார். அந்த நாலு பேரும் லிங்கேஸ்வரனைப் பற்றிச் சொல்லிவிட்டு, தங்கள் வீட்டு ஏசி இப்போது எப்படி ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை விசா வந்தது. போனில் பார்த்ததும் லிங்கேஸ்வரன் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தார். முத்துராணி ஆட்டோவில் பாபநாசம் போக ஒரு குடும்பம் ஏறியிருந்தது. பாட்டும் சத்தமுமாய் இருந்ததில் அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. போனை நீட்டினார். வாங்கி, கீழ் வரிவரை முழுக்க வாசித்தாள்.

“சரி” என்று திருப்பிக் கொடுத்தாள். “மத்தியானத்துக்கு உளுந்தஞ்சோறு வைங்க. அப்பாவுக்குத் தேங்காத் துவையல் கொஞ்சம் காரமா.”

வண்டி கிளம்பிவிட்டது.