ஊசிகளோடு எழுந்து வந்தவர்கள்

என் வலது காது கேட்காது. பிறவிக் குறை அல்ல. எங்கள் சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, விருந்தில் என் வீட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், "என்ன மாப்ள, உன் வீட்டு விருந்தை நாங்க எப்பச் சாப்பிடுறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர், அதே கையால் காதைச் சேர்த்து அறைந்தார். கதவு நிலையில் தலை மோதி விழுந்தேன். காதிலிருந்து ரத்தம் சொட்டியது. "உன்னாலதான்டி ஊர்ல கண்டவனும் என்னையப் பாத்துச் சிரிக்கிறான்" என்று அவர் சொன்னதை இடது காதால்தான் கேட்டேன்.

அன்பான சகோதர சகோதரிகளே, அழுது உருக்கிச் சாட்சி சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் ஒன்பது வருஷம் இருந்தது.

நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவர் ஒரு லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க். சபைப் பாடகர் குழுவில் அவருடைய கனத்த குரலுக்குத் தனி மரியாதை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் என் அப்பா பெண் கொடுத்தார், பாவம். கல்யாணமான இரண்டாவது வருஷமே பிள்ளைப் பேச்சு ஆரம்பித்தது. மூன்றாவது வருஷம் அடி ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை நான் தூரமாகும் நாள் அவருக்குத் தெரிந்துவிடும். அன்று சோற்றுத் தட்டு பறக்கும். பெல்ட் வரும். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி வந்தது. நான் சத்தமே போட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டால் சபைக்கு அவப்பெயர் ஆகிவிடுமாம். அம்புட்டு கௌரவம் எனக்கு!

ஆஸ்பத்திரிகளில் எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். அவரையும் டெஸ்டுக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "குறை எனக்கு இருக்குன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டு அந்தச் சீட்டைக் கிழித்து என் வாயில் திணித்தார். ஆக, குறை யாரிடம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, ஒரு பிள்ளை. ஒரு பிள்ளை மட்டும் கொடுத்தால் இவர் கையை இறக்கிவிடுவார் என்று நம்பினேன். அடிக்கிற கையைப் பற்றி ஆண்டவரிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை.

இரண்டாயிரம் வருஷம் பிறந்த புதிதில், என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் அக்குபஞ்சர் பார்க்கும் டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். நெற்றியில் பெரிய குங்குமம், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. மாத்திரை இல்லை, பெண் டாக்டர் என்றதும் என் வீட்டுக்காரர் சம்மதித்தார். சபையில் சில அக்காமார் "அதெல்லாம் சீனாக்காரன் மந்திரம்" என்றார்கள். மந்திரமோ தந்திரமோ, அடி நின்றால் போதும் என்று நான் போனேன்.

முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. "சாப்பிட்டீங்களா டீச்சர்? வெறும் வயித்துல ஊசி போட மாட்டேன்" என்று டாக்டரம்மா கேட்டார். உபவாசத்தை வெளியே சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உங்களுக்கே தெரியும். அதனால், "சாப்பிட்டேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அடிவயிற்றில், முழங்காலுக்குக் கீழே, பாதத்தில், மணிக்கட்டில், புருவ மத்தியில் என்று மயிர் போன்ற ஊசிகளைச் செருகினார். வலியே இல்லை. பெல்ட்டைப் பார்த்தவளுக்கு ஊசியெல்லாம் எம்மாத்திரம்? ஐந்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. கண் இருட்டியது. அவ்வளவுதான் நினைவு.

விழித்தபோது ஊசிகள் இல்லை. கால்கள் தலையணை மேல் இருந்தன. வாயில் சர்க்கரைத் தண்ணீர் இனித்தது. காற்றுப் பட வேண்டும் என்று ரவிக்கையைத் தளர்த்தியிருந்தார்கள். டாக்டரம்மா என்னை ஒருக்களித்துச் சாய்த்து, என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னது?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

"இது பச்சையா இருக்கு, இது மஞ்சளா இருக்கு, இது நேத்துப் பட்டது. எம்புட்டுத் தடவை விழுந்தீங்க? இந்தா, இது இஸ்திரிப் பெட்டி. அதும்மேல எப்படி விழுந்தீங்க?"

நான் ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் ஊசிப் பெட்டியை மூடினார். "அடிபட்ட உடம்புல நான் ஊசி போடுறதில்லை. ஒரு வாரம் அடிபடாம வாங்க. அப்புறம் வைத்தியம் பாப்போம்" என்றார்.

அதை அப்படியே வீட்டில் சொன்னேன். இவர் யோசித்தார். யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஊசி எங்கெங்க போடுவாக?"

மடச்சி நான், ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். அடிவயிறு, கால், பாதம், மணிக்கட்டு, நெற்றி. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த இடங்களில் ஒரு கீறல் விழவில்லை. மயிரைப் பிடித்து உச்சந்தலையைச் சுவரில் மோதுவார். தலையில் பட்ட அடி வெளியே தெரியாதே. நானும் அதை முன்னேற்றம் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது, அவர் மேல் இல்லை, என் மேல்.

இரண்டு மாதம் ஊசி போட்டுக்கொண்டேன். மூன்றாவது மாதம் நாள் தள்ளிப் போனது. பத்து நாள். இவர் பாடகர் குழுவில் எல்லோருக்கும் சொல்லி மைசூர்பாகு கொடுத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பத்து நாளும் என்மேல் ஒரு அடி இல்லை. எனக்கு ரோஜா நிறத்தில் ஒரு சேலைகூட வந்தது.

பதினோராம் நாள் காலை ரத்தம் போனது. துணியை அலசி, கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வீட்டுக்குப் போகப் பயம். சாயங்காலம் நேராக டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். "இன்னைக்கு வயித்துல வேணாம். காலுலயும் நெத்தியிலயும் மட்டும் போடுறேன், மனசு கொஞ்சம் அடங்கும்" என்று சொல்லிப் படுக்க வைத்தார். அங்கே ஒரே ஹாலில் நான்கு கட்டில்கள், நடுவில் துணித் திரைகள். மற்ற மூன்று கட்டில்களிலும் பெண்கள் படுத்திருந்தார்கள். ஒருவர் உசிலம்பட்டியிலிருந்து முட்டுவலிக்கு வருகிற ஒச்சம்மாள். மற்ற இருவரும் என்னைப் போல் பிள்ளைக்காக வந்தவர்கள். ஊசி குத்தி இருபது நிமிஷம் அசையக் கூடாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நடை எனக்குத் தெரியும். மத்தியானம் வீட்டுக்கு வந்த மனுஷன் கொடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டார். "உள்ள ஆம்பளைங்க வரக் கூடாது" என்று டாக்டரம்மா தடுத்தார். அவரைத் தள்ளிய வேகத்தில் மேஜை கவிழ்ந்தது. திரை கிழிந்தது. "எங்கடி என் பிள்ளை? தின்னுட்டியாடி?" என்று கொண்டையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து தரையில் இழுத்தான். ஆமாம், இழுத்தான். இனி என்னால் மரியாதை கொடுத்துப் பேச முடியாது, மன்னியுங்கள். காலில் இருந்த ஊசி ஒன்று வளைந்து சதைக்குள் ஏறியது. என் மார்பில் முழங்காலை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தான். அவன் இடது கை பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தேடியது. அது கையில் கிடைத்துவிட்டது. மேலே போனது.

ஒன்பது வருஷம் அடிபட்டும் வாய் திறக்காத நான் அன்று கத்தினேன். கழுத்தில் அவன் பிடி இருந்தும் எப்படிக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

"ஆண்டவரே, எனக்குப் பிள்ளை வேணாம்! உயிர் வேணும்!"

மூன்று திரைகளும் விலகின. முதலில் வந்தவர் ஒச்சம்மாள். முழங்காலுக்கு நான்காக எட்டு ஊசிகள் ஆட, சேலையைத் தூக்கிச் செருகியபடி வந்தார். அவர் பின்னால் அந்த இரண்டு பெண்கள், அவிழ்ந்த தலையோடு, புருவ மத்தியில் ஊசி நின்றபடி. அந்தக் கோலத்தைப் பார்த்தால் பேயும் ஓடும். அவன் கையில் ஸ்டூல் அப்படியே நின்றது. ஒச்சம்மாள் கட்டிலடியில் வைத்திருந்த தன் சோற்றுத் தூக்குச்சட்டியை எடுத்துச் சுழற்றி அவன் வாயில் ஒரு போடு போட்டார். பல் தெறித்தது. ஒரு பெண் ஸ்டூலைப் பிடுங்கி அவன் தோளில் இறக்கினாள். டாக்டரம்மா எழுந்து வந்து சட்டையைப் பிடித்தார். ரத்தம் வழிய வழிய அவன் படியில் உருண்டும் நடந்தும் கீழே போனான். அதன் பிறகுதான் ஒச்சம்மாள் தன் முழங்காலைப் பார்த்து, "அய்யய்ய, ஊசிய எடுக்க மறந்துட்டேனே!" என்றார். அந்த நிலையிலும் நாங்கள் சிரித்தோம். சிரித்துச் சிரித்து நான் அழுதேன்.

நான் அவர் காலில் விழப் போனேன். அவர் விடவில்லை. "உசுரு வேணும்னு ஒரு பொம்பளை கத்துறா. நான் முட்டுவலின்னு மல்லாந்து கெடக்கவா?" என்றார்.

அன்றே டாக்டரம்மா என்னை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. பசுமலையில் ஒரு பள்ளி விடுதியில் தங்க இடம் கிடைத்தது. வழக்கு நடந்தது, பிரிந்தோம். போதகர் ஒருநாள் பார்க்க வந்தார். "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா. பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிரும். அதுக்காக ஜெபிப்போம்" என்றார்.

"ஐயா, அந்த ஜெபத்தை எனக்காக இனிமே பண்ணாதீங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போதகரை எதிர்த்துப் பேசினேன்.

அவர் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மடியில் வைத்தார். பிறகு, "அப்ப என்னன்னு ஜெபிக்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உயிரோட இருக்கேன்ல, அதுக்கு நன்றி சொல்லுங்க."

அவர் தலை குனிந்து நன்றி சொன்னார். குரல் உடைந்துதான் சொன்னார். நல்ல மனிதர்.

இன்று எனக்குப் பிள்ளை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் என் பிள்ளைகள் என்று சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். அவர்களுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். தொட்டிலைப் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஊசியால் பிள்ளை வருமா என்று கேட்கிறார்கள், எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது ராத்திரி தூங்குகிறேன். வாய்விட்டுச் சிரிக்கிறேன். ஒச்சம்மாள் வீட்டுக்கு வருஷம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டு வருகிறேன். இதெல்லாம் கர்த்தர் கொடுத்தது.

என் ஜெபத்தை முதலில் கேட்டது கர்த்தரா, ஒச்சம்மாளா என்று நான் ஆராய்வதில்லை. ஒன்று மட்டும் அறிவேன். ஒன்பது வருஷம் வாய்க்குள்ளேயே ஜெபித்தேன். அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளில் யாருக்காவது உடம்பில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிய தடங்கள் இருந்தால், அம்மா, கர்த்தரை நம்பு. உயிரைக் கேள். ஆனால் முணுமுணுக்காதே. தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேள்.