வருகைப் பதிவில் ஓர் ‘ஓம்’

1. அப்பாவுக்கு மந்தாரக்குப்பத்தில் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. என்னையும் தம்பியையும் அங்கிருந்த தொடக்கப்பள்ளியில் சேர்த்தார்.

2. இலங்கையில் நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்கான தாள் எதுவும் படகில் எங்களோடு வரவில்லை.

3. தலைமை ஆசிரியை சொன்னார்: “மூணாவதுல உக்காரட்டும். ஒரு மாசம் பார்ப்போம். எழுதப் படிக்க வரலன்னா ஒண்ணாவதுக்கு அனுப்பிடுவேங்க.” ஒன்றாவதில் இருந்தவன் என் தம்பி.

4. முதல் நாள் வகுப்பு ஆசிரியை என் பெயரைக் கூப்பிட்டார். “ஓம் ரீச்சர்” என்றேன்.

5. “டேய், பூசாரி வந்துருக்குதுடா!” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது.

எங்கள் பேச்சில் ஓம் என்றால் ஆமாம். அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து கையை மட்டும் தூக்கினேன். வாசிக்கச் சொன்னால் தரையைப் பார்த்தேன். மூன்றாவது வாரம் ஆசிரியை அப்பாவிடம், “புள்ள வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. ஒண்ணாவதுலயே போட்டுடலாம்” என்றார்.

அன்று சத்துணவின்போது, பக்கத்தில் உட்காரும் துணிக்கடைக்காரர் மகள் தன் முட்டையை நீட்டினாள். “மஞ்சக்கரு நான் துன்ன மாட்டேன். உனக்கு வேணுமா?”

“ஓம்.”

அவள் என்னையே பார்த்தாள். “ஓம்னா ஆமாவா? இதுக்காடி வாய மூடிக்கினு இருந்த? படிக்கவாவது தெரியுமா?”

“ஓம்.”

மறுநாள் காலை, தன் பெயர் வந்ததும் அவள் எழுந்து, “ஓம் டீச்சர்!” என்றாள்.

“என்ன, கிண்டலா?”

“இல்ல டீச்சர். இவுங்க வூட்டுல ஆமான்னா ஓம்தானாம். இவளுக்குப் படிக்கத் தெரியும் டீச்சர். இவனுங்க சிரிக்கறானுங்கன்னுதான் பேசல.”

ஆசிரியை தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். வாசித்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அடுத்த பாடத்துக்குள்ளும் போய்விட்டேன்.

“போதும்மா, போதும். இவ்ளோ நாளா தெரிஞ்சுகிட்டேதான் உக்காந்திருந்தியா?”

“ஓம் ரீச்சர்.”

வகுப்பு மறுபடி சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது. மதியம் தலைமை ஆசிரியையிடம் அவரே போய்ச் சொன்னார். நான் மூன்றாவதிலேயே இருந்தேன்.

துணிக்கடைக்காரர் மகளுக்கும் அந்த வகுப்பு ஆசிரியைக்கும் நான் இன்றுவரை முறையாக நன்றி சொன்னதில்லை. இதையே அதுவாக எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஓர் ஒப்பந்ததாரரிடம் கன்வேயர் வரைபடங்கள் போடுகிறேன். துணிக்கடைக்காரர் மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, மூன்றாம் வகுப்பிலிருந்து.